பாய்லர் அறைக் கதவு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சுகமில்லாவிட்டால்தானே எங்கள் நினைப்பு வரும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் தங்கை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், அதற்கு மேல் அவளுக்கு லீவு இல்லை. அம்மா மறுபடியும் படுத்த படுக்கையாகிவிட்டாள். உன்னிடம் போனில் சொல்ல மாட்டாள், நல்லாத்தான் இருக்கேன் என்பாள், நீயும் சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரிக் குளத்தை மூடிவிட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களை வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி நடக்கவைக்கிற குளம், முப்பது வருடம் அதற்கு பாய்லர் ஓட்டித்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அம்மா கைத்தடியைப் போட்டுவிட்டு நடந்ததும் அந்தத் தண்ணீரால்தான். போன வருடம் பாய்லர் பழுதானபோது என்ன வாங்கலாம் என்று பெரிய டாக்டர் என்னைக் கேட்டார், நான் உன்னைக் கேட்டேன். தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் மிஷின் செய்யும் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவன் நீ. ஒரு யூனிட் கரண்டுக்கு அஞ்சு யூனிட் சூடு குடுக்கும்ப்பா, கண்ண மூடிட்டு வாங்கச் சொல்லுங்க என்றாய். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். என் மகனே சொல்லிட்டான் சார் என்று வாய் நிறையச் சொன்னேன்.

மிஷின் வந்தது. வெளியே வைத்தால் இரைச்சல் என்று வார்டில் முனகினார்கள், அதனால் பழைய பாய்லர் அறைக்குள்ளேயே வைத்தோம். கொண்டுவந்தவர்கள் பைப்பை மாட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு இருந்ததோ பாய்லர்காரன் புத்தி. சூடு வெளியே போகக்கூடாது, கதவைச் சாத்து. ஜன்னல் இடுக்கில்கூடச் சாக்கை அடைத்தேன். இருந்தாலும் ஒரு சந்தேகம், முதல் வாரமே படம் பிடித்து உனக்கு அனுப்பி, அறைக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்தலாமா என்று கேட்டிருந்தேன். நீ பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினாய். சரி, பெரிய படிப்பு படித்தவன் பார்த்துவிட்டான் என்று நிம்மதியானேன்.

வெயில் காலம் முடியும் வரை எப்படியோ ஓடியது. குளிர் தொடங்கியதும் தண்ணீர் இருபத்தாறு டிகிரிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது, வேண்டியதோ முப்பத்து மூன்று. மிஷின் நிற்காமல் ஓடியது, கரண்ட் பில்லைப் பார்த்து பெரிய டாக்டர் என் மேல் எரிந்து விழுந்தார். குளத்தின் மேல் விரிப்பை இழுத்துப் போட்டுப் பார்த்தேன், வடிகட்டியைக் கழுவிப் பார்த்தேன். மிஷினின் தகடுகளில் ஐஸ் பிடித்தது, அதைத் தினமும் காலையில் துணியால் துடைத்தேன், என்னைப் போல் முட்டாள் உண்டா. உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மீட்டிங்ல இருக்கேன்ப்பா என்று இரண்டு முறை, மூன்றாவது முறை மிஷினைப் பற்றி ஏதோ அட்டவணையை அனுப்பினாய். பயிற்சி கொடுக்கிற பெண் அம்மாவைத் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்றுவிட்டாள், இந்தக் குளிர்ல இறக்குனா கால் இன்னும் இறுகிடும்மா என்றாளாம்.

கடைசியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தச்சர். ஈரத்தில் ஊதிப்போன அறைக் கதவை இழைப்பதற்குக் கழற்றிக்கொண்டு போனார், இரண்டு நாள் அறை திறந்தே கிடந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் மூன்று டிகிரி ஏறியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. பாய்லர் சூட்டை உண்டாக்கும், இது உண்டாக்காது. சுற்றியிருக்கிற காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த காற்றை வெளியே துப்பும். பூட்டிய அறையில் தான் துப்பியதையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. நீ சொன்ன அஞ்சு யூனிட் சூடு, நல்ல காற்று கிடைத்தால்தான் வரும், அந்தக் காற்று வரும் வழியைத்தான் நான் சாக்கால் அடைத்து வைத்திருந்தேன். ஓடிப்போய் பெரிய டாக்டரிடம் சொன்னேன். இத்தன மாசமா இந்த அறிவு எங்க போச்சு என்றார். அந்த இடத்தை ஸ்கேன் அறையாக்க அவர் ஏற்கெனவே ஆள் பேசிவிட்டார். குளத்தை மூடிவிட்டு, என்னை வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்த விட்டிருக்கிறார்கள்.

கதவைச் சாத்தியது என் கை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போன மாதம் போனில் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டபோது, எந்தப் படம்ப்பா என்றாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது. திறந்து பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறாய். பார்த்திருந்தால் ஒரே நிமிடத்தில் கதவத் திறங்கப்பா என்றிருப்பாய். அம்மா உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, புள்ளைக்கு ஆயிரம் வேலை என்கிறாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குழந்தைக்குச் சளி என்றாயே, வெந்நீரே கொடுங்கள். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள், கோபத்திலும் அதைத்தான் நினைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் படத்தைத் தேடித் திறந்து பார். மிஷினுக்குப் பக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு, கைத்தடி இல்லாமல் நிற்பது உன் அம்மா. என் பையன் சொன்ன மிஷின நானும் பாக்கணும் என்று குளத்திலிருந்து அவ்வளவு தூரம் தானாகவே நடந்து வந்தாள். அவள் அப்படி நின்றதற்கு வேறு படம் எங்களிடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா