நானே கேட்டு வாங்கிய தண்ணீர்

செம்பட்டி,
புதன்கிழமை.

அன்புத் தம்பி பாண்டியராஜுக்கு, அக்கா பொன்னழகு எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீயும் தீபாவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அதனால்தான் ரிஜிஸ்தர் தபால். இதையாவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும்.

தீபாவுக்கு ஒன்பதாம் மாதம். கால் வீங்கினால் உப்பைக் குறைக்கச் சொல்.

நம் கிணற்றுத் தண்ணீர் இப்போது டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கிறது. மல்லிகைச் செடி முழுக்கக் கருகிவிட்டது. தென்னையில் குரும்பை நிற்பதில்லை. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம்.

வக்கீல் அப்துல் லத்தீப் பாய் மனுப்போட்டு, உங்கள் சாராய ஆலையின் லைசென்ஸ் நகலை வாங்கிப் படித்துச் சொன்னார். எவ்வளவு காய்ச்சலாம், யாருக்கு விற்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. ஸ்பிரிட் அறைக்கு இரண்டு பூட்டாம். ஒரு சாவி ஆலையிடம், இன்னொன்று அரசாங்க அதிகாரியிடம். கழிவுநீர் ஒரு சொட்டு வேலியைத் தாண்டக் கூடாதாம். அடேயப்பா, எம்புட்டு நல்ல சட்டம் என்று வாயைப் பிளந்தேன். கடைசியில் ஒரு வரி வைத்திருக்கிறான். விவசாயி தானே கேட்டு எழுதிக் கொடுத்தால், உரமாகத் தோப்புக்குப் பாய்ச்சலாமாம்.

அன்றைக்கு நீ நீட்டிய தாள் அதுதான். "சும்மா கிடைக்கிற உரம்க்கா, ஒரு கையெழுத்துப் போடு" என்றாய். மச்சான் படித்துப் பார்த்துப் போடு என்றார். என் தம்பி அங்கே கெமிஸ்ட், அவன் கொண்டுவந்த தாளைப் போய்ப் படிப்பதா என்று அவரைத்தான் ஏசினேன். மூன்று வருஷம் லாரி லாரியாக வந்து ஊற்றினார்கள். உனக்குப் பதவி உயர்வு வந்தது, வெளியூர் போய்விட்டாய்.

ஆலை மேல் நான் கொடுத்த புகாருக்குப் போன திங்கட்கிழமை நடந்த விசாரணையில் ஆலை வக்கீல் அந்தத் தாளை எடுத்து நீட்டி, "கேட்டது நீங்கதானம்மா?" என்றார். என் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில் உன் கையெழுத்து.

இருபதாம் தேதி மறுபடி விசாரணை. அக்கா கேட்கவில்லை, ஆலை சொல்லி நான்தான் எழுதி வாங்கினேன் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் வேலை போகும், தெரியும். எனக்குத் தோப்பே போய்விட்டது. உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, மறைக்கவில்லை.

பிள்ளை பிறந்ததும் அதன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க, அத்தைக்காரி நான் வருவேன். அந்த உரிமைக்கு லைசென்ஸ் வேண்டாம். சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். உனக்கு வைத்தது நான்தான், எங்கே பிசகியது என்று தெரியவில்லை.

தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். சர்க்கரை நான் கொண்டு வருகிறேன். தண்ணீர் மட்டும் நீ எடுத்து வை.

உன் அக்கா,
பொன்னழகு