மூஞ்சூற்றின் காது

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்றும் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிரபாவதி அக்காவைப் புரட்டித் துடைத்துப் பாவாடை மாற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது. என் மூத்த ஓரகத்தி. பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்து, பொங்கலிலிருந்து என் வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். உடம்பில் நான் அவளில் பாதி. வாய் கோணிப் பேச்சும் குழறல். வாயருகே காதை வைத்தால்தான் புரியும். நான் வைப்பதில்லை. பசியா, வெளிக்கா, கண்ணைப் பார்த்தே செய்துவிடுவேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அவள் மகன் கண்ணையன் சென்னையிலிருந்து போன். "சித்தி, விழுப்புரத்துல ஒரு ஹோம்ல எடம் இருக்குதாம். நீங்க சரின்னா இருபத்தஞ்சாம் தேதி வந்து அம்மாவ இட்டுக்கினு போயி சேத்துடறேன்."

"உன் வீட்டுக்கு இட்டுக்கினு போயேன்டா."

"மூணாவது மாடி சித்தி. லிஃப்ட் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதில் யோசிக்க இன்னா இருக்குது எனக்கு?

கூடத்தில் நின்றுதான் பேசினேன். கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தெருக்கோடிப் பிள்ளையாருக்குக் கொடி ஏறியது. வருஷா வருஷம் சொல்வதையே குருக்கள் மைக்கில் சொன்னார். எலி என்பது ஆசையாம், ஓயாமல் கொறிக்குமாம், அதை அடக்கத்தான் சாமி மேலே உட்கார்ந்திருக்கிறாராம். உட்கார்ந்திருப்பவர் அடக்குகிறார், சரி. அத்தனை பெரிய தொந்தியை அது சுமக்குதே, அதுக்கு இன்னா பேரு? அதை அவர் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

தூக்கம் இல்லை. பழசெல்லாம் வருகிறது.

எங்கள் தெரு வழக்கம் இது. மூஞ்சூறு வாகனத்தை வாசலில் இறக்கும்போது அதன் மரக்காதில் வேண்டுதலைச் சொன்னால் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கல்யாணமாகி வந்த வருஷம் நானும் குனிந்தேன். பிரபாவதி அக்கா பச்சைப் புடவை கட்டி, கையில் சுண்டல் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "பாருங்கடி, மூஞ்சூறு மூஞ்சூறுகிட்ட ரகசியம் பேசுது!" அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். மாமியாரும் அப்படியே கூப்பிட்டாள். கட்டினவரும் ஒரு தடவை கூப்பிட்டார். அப்புறம் அந்தக் காதருகே நான் போனதே இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாளை மூஞ்சூறு வாகனம் வரும். அதன் காதருகே போவேன். "இவளை என் தலையிலிருந்து இறக்கிவிடு" என்று கேட்பேன். கண்ணையனுக்கும் சரி சொல்லிவிட்டேன். என்னால முடியல.

ஆகஸ்ட் 23, சனி

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேளம் கேட்டது. அவள் நல்ல கையால் என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு ராயப்பனைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம்.

வாகனத்தை இறக்கினார்கள். நான் போவதற்குள் அவள் கையை நீட்டினாள். அவளும் சொல்லணுமாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். தண்டு தூக்குகிற பையன், "ஆயா, ஜல்தி சொல்லுங்க, நேரமாவுது" என்றான். அவளுக்கு மரக்காது எட்டவில்லை. மொத்த பாரமும் என்மேல் சாய்ந்தது. வாய் என் காதில் வந்து விழுந்தது.

"அனுப்பிடாதடி."

"ஆயா காது மாத்தி சொல்லிட்டாங்கோ!" என்று பையன்கள் சிரித்தார்கள். வாகனத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பேத்தி போனில், "உனக்கு ஏன் ஆயா இந்தப் பேஜாரு?" என்றாள். போனை வைத்துவிட்டுச் சுண்டலுக்குக் கடலை ஊறப்போட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கண்ணையன் கிளம்புமுன் போன் செய்தான். வர வேணாம் என்றேன்.

"இன்னா சித்தி, திடீர்னு?"

"உங்கம்மா பேசறது அங்க யாருக்கும் புரியாதுடா."

மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பச்சைப் புடவையின் கரை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாம்பழக் கலர்.

சாயங்காலம் சுண்டலை மசித்து ஊட்டினேன். ஏதோ சொன்னாள். குனிந்து காதை வைத்தேன்.

உப்பு பத்தலியாம்.