மேடைக்கு வெளியே ஒரு சக்கரம்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் தலையைத் தவிர. நீ ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியதிலிருந்து அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. உன் சுகத்தைப் பற்றி விவரமாக எழுது, நல்லா இருக்கேம்மா என்று ஒரே வரியில் முடித்துவிடாதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, உன் அக்கா மூன்றாவது மாடிக்கு வீடு மாறிவிட்டாள், அவர் படியேறும்போது அந்த வலி திரும்ப வரும். நான் வேலை பார்க்கிற லாரி எடை மேடைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, லாரி ஏறினால் அதுவே சீட்டு அடித்துத் தள்ளுகிறது, எனக்குத்தான் வேலை இல்லாதது போல் இருக்கிறது. உன் நட்சத்திர ஆராய்ச்சியைப் பற்றி நீ போனில் சொன்னதை அப்பாவுக்குப் புரியவைக்க மேஜையில் பூசணிக்காயை வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக் காட்டினேன். பூசணி உப்பிப்போன பழைய நட்சத்திரம், எலுமிச்சை உன் பழுப்புக் குள்ளன், எரிவதற்கு எடை போதாமல் நட்சத்திரமாகாமல் நின்றுவிட்டது என்றேன். அதுக்குக் குள்ளன்னு பேர் வச்சா கோவம் வராதா என்று கேட்டார். இதுதான் நம் வீட்டு விஞ்ஞானம்.

எனக்குப் புரியாதது வேறு. குள்ளன் கண்ணுக்குத் தெரியாது, அது இழுக்கிற இழுப்பில் பழைய நட்சத்திரம் ஆடுகிற ஆட்டத்தை வைத்து எடை போட்டேன், வியாழன் கிரகத்தைப் போல் அறுபத்திரண்டு மடங்கு என்றாய். எண்பது தாண்டினால் அது குள்ளன் இல்லை, சின்ன நட்சத்திரம் என்றாய். இப்போது வேறொரு தொலைநோக்கியின் கணக்கு வந்து, அது சுற்றுகிற பாதை சாய்ந்திருக்கிறது, அதனால் நீ போட்ட எடை குறைச்சல், தொண்ணூறு வரை போகலாம் என்று சொல்கிறதாம். நட்சத்திரமானால் நல்லதுதானே, பதவி உயர்வு வந்ததற்கா பிள்ளை அழுகிறான் என்று முழித்தேன். சின்ன நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன, குள்ளன் கிடைத்ததுதான் அதிசயம், அந்த அதிசயத்தை நம்பித்தான் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன பிறகுதான் புரிந்தது. மாதக் கடைசியில் கட்டுரை போகிறது, புதிய கணக்கை இப்போது எழுதாதே, அப்புறம் பார்க்கலாம் என்று உன் பேராசிரியர் சொல்கிறார், நீ என்னம்மா சொல்றே என்று கேட்டாய். பெரியவர் சொன்னாக் கேட்டுக்கடா என்றேன். யோசிக்காமல் சொன்னேன், உனக்கு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் இது ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வந்தது என்பதும் பொய், அது என்றைக்கும் போனதே இல்லை. நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், நல்ல மழை, வாசல் வரை வண்டி வரிசை. கல் ஏற்றிய லாரி ஒன்று மேடையில் கோணலாக நின்றது, பின் சக்கரம் ஒன்று விளிம்புக்கு வெளியே. ஒரு சக்கரம் வெளியே இருந்தால் எடை குறைத்துத்தான் காட்டும், உண்மையான எடை அதற்கு மேல் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரியாக நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம்க்கா என்றான் ஓட்டுநர், சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். இறக்கத்தில் பாரத்துக்குப் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்து அவனுக்கு ஒரு கால் போய்விட்டது. சீட்டில் எடை அனுமதித்த அளவுக்குள் இருந்ததால் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் ஊன்றுகோலோடு வந்தவன், நல்லா இருக்கீங்களாக்கா என்று கேட்டான். இருக்கேம்பா என்றேன்.

உன் நட்சத்திரத்தால் யார் காலும் போகப்போவதில்லை, தெரியும். இரண்டும் ஒன்றா, நான்தான் எதையோ எதனோடோ போட்டுக் குழப்புகிறேனா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. பேராசிரியர் படித்தவர், அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் போனில் சொன்னதை விட்டுவிடு. வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக எழுத எனக்குக் கை வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

நீ தீர்க்காயுசாக, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். வேளாவேளைக்குச் சாப்பிடு. தபாலில் போனால் மாதம் முடிந்துவிடும், அதனால் அக்காவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். அதற்கு முன் அப்பாவிடம் படிக்கக் கொடுக்கிறேன். லாரி விஷயம் அவருக்கும் தெரியாது. கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா