எவ்வளவு நேரம் ஓடும்

அக். 13, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். சோலார் பேனலுக்கு நல்லது, எனக்குத் தலைவலி.

கடையில் ரிப்பேருக்கு மூன்று போன். எல்லாம் டிஸ்ப்ளே உடைந்தது. மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பழைய இரும்புக் கடைக்கு. இ-ஆட்டோவில் கழற்றிய லித்தியம் செல்கள் கிடந்தன. மீட்டர் வைத்துப் பார்த்து நான்கு பொறுக்கினேன். உப்பிப் போன இரண்டையும் கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்த்தார்.

"இத வச்சு என்னம்மா செய்யப் போற? லைட்டு, ஃபேனுக்கா?"

"ஆமா அண்ணாச்சி."

பொய். மகள் நஸ்ரினிடமும் அதே பொய்தான் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் வருகிறது, கரண்ட் போனால் உதவும் என்று.

பேனல், வாழைத்தோட்டத்துச் சேற்றிலிருந்து எடுத்தது. ஒரு மூலை விரிசல். இன்வெர்ட்டர், கல்யாண மண்டபத்தில் தூக்கிப் போட்டது. இரண்டும் வேலை செய்கின்றன.

அக். 14, செவ்வாய்

காற்றே இல்லை. புழுக்கம்.

காதர் வந்தார். கொழுந்தன். டீ வேண்டாம் என்றபோதே தெரியும், ஏதோ கேட்க வந்திருக்கிறார்.

"மைனி, ஆழ்வார்குறிச்சியில ஒரு பெரியவருக்கு மூச்சு முட்டுதாம். அண்ணன் மிசினு சும்மாதான கெடக்கு. வெள்ளிக்கெழம தொழுதுட்டு வந்து எடுத்துக்கிடுதேன்."

சரி என்றேன். நல்ல காரியம். அவர் போனதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாத்திரம் கழுவும்போது ஒரு தட்டு நெளிந்துவிட்டது.

இதிலாவது எழுதிவைக்கிறேன். வெள்ளம் வந்த இரவு கரண்ட் போனது. ஆக்ஸிஜன் மெஷின் நின்று வீல் என்று கத்தியது. விடியும்வரை என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் திணறினார். படகு வந்தபோது அவர் இல்லை. இப்படி ஒரு பேட்டரி வீட்டில் இருந்திருந்தால் விடியும்வரை ஓடியிருக்குமா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். மெஷின் கைவிட்டுப் போவதற்குள்.

அக். 15, புதன்

வாங்க: தடித்த கேபிள், ஃபியூஸ், முட்டை, நஸ்ரினுக்கு ரிப்பன் (நீலம்).

செல் நான்கையும் வரிசையாகக் கோர்த்தாயிற்று. வெயில் தயவில் சாயங்காலம் ஃபுல் சார்ஜ். மெஷினை மாட்டினால் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. கேபிள் மெலிசு. சனியன்.

ஓடாத மெஷின் எனக்குக் கேட்கிறது. மிக்ஸி நின்றால், பக்கத்து வீட்டு மோட்டார் நின்றால், திரும்பிக் கட்டிலைப் பார்க்கிறேன். குக்கர் வைத்து எவ்வளவோ நாளாகிறது. அந்த விசில் ஆகாது. சோறு வடித்துத்தான்.

அக். 16, வியாழன்

மேகம். தூறல்.

புது கேபிள் போட்டேன். இன்வெர்ட்டருக்கு வீட்டுக் கரண்ட் போகும் சுவிட்சை அணைத்தேன். பேட்டரி மட்டும்தான். மெஷினைப் போட்டேன். ஓடியது.

அதே இரைச்சல், நடுநடுவே அதே புஸ். டியூபைக் கட்டிலில், தலையணைமேல் வைத்தேன். மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் என்பது அடியோடு மறந்துபோனது.

தெருவில் செருப்புச் சத்தம். பையை வாசலிலேயே வீசிவிட்டு நஸ்ரின் ஓடி வந்தாள்.

"வாப்பா வந்துட்டாவளா?"

காலிக் கட்டிலைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் எழுத மாட்டேன். ஒன்பது வயது, அவளுக்குத் தெரியாததா. தெருவிலேயே சத்தம் கேட்டிருக்கிறது, கால் ஓடிவந்துவிட்டது. பாவி நான். மெஷினை அணைக்கப் போனேன்.

"அணைக்காதீங்க உம்மா. கொஞ்ச நேரம்."

யூனிஃபார்மோடு கட்டிலில் ஏறிப் படுத்தாள். டியூபைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "காத்து வருது" என்றாள். தூங்கிப்போனாள்.

மீட்டர் இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிடும். பேட்டரி தீர்ந்தால் மெஷின் நிற்கும். நின்றால் கத்தும்.

வீட்டுக் கரண்ட் சுவிட்சைப் போட்டேன். இரைச்சலில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் புரளக்கூட இல்லை.

எவ்வளவு நேரம் ஓடியிருக்கும் என்பது இனித் தெரியாது. நாளை காதர் வருவார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லியாயிற்று. எழுப்பவில்லை. ஓடட்டும்.