ஹாரன் அடித்தால் அணையும் விளக்கு

இயேசு மரி சூசை துணை

பாலக்கரை,
திருச்சி.
2-2-1958

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அம்மா செல்வமேரி எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை லூர்துராணியும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் காருக்கு மட்டும்தான் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள். ஜாம்ஷெட்பூரில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. பல் முளைக்கிற சமயம் எதையாவது கடிக்கத் தேடுவான், மாப்பிள்ளையின் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து வைக்காதே. லூர்துவின் சம்பந்தம் என்ன ஆயிற்று, ஏன் ஒரு வரி கூட எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருந்தாய். முடிவு தெரியாமல் எழுதினால் நீ அங்கே உட்கார்ந்து கவலைப்படுவாய் என்றுதான் எழுதவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும், முதல் என்றால் அது காரின் விளக்கிலிருந்துதான் ஆரம்பம்.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு எஸ்டேட் துரையிடம் அப்பா அந்தக் காரை வாங்கியது நீ கல்யாணமாகிப் போன பிறகு. நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கும், பகலிலும் நன்றாகத்தான் இருக்கும், பொழுது சாய்ந்தால்தான் அதற்குக் கோளாறு. ஒழுங்காக எரிந்துகொண்டிருக்கிற முன்விளக்கு இரண்டும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒன்றாக அணைந்துபோகும். மெக்கானிக் பிச்சமுத்து பல்பை மாற்றினார், ஒயரை மாற்றினார், பாட்டரியையும் மாற்றினார். பட்டறையில் வைத்து எப்போது சுவிட்சைப் போட்டாலும் எரிகிறது. எரியுதுங்களேய்யா என்று அவர் சொல்ல, அப்பா வக்கீல் ஆயிற்றே, நேற்று அணைந்ததா இல்லையா, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல் என்று அவரைக் கூண்டில் ஏற்றியதுபோல் குறுக்கு விசாரணை செய்கிறார். அப்பா வருவது தெரிந்தால் பிச்சமுத்து ஏதாவது ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாராம். ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது விளக்கு அணைந்தது. லூர்துவைத்தான் உனக்குத் தெரியுமே, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்த கோபம் வேறு, இறங்கிப் போய் வலது பக்க மட்கார்டில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை விட்டாள். விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து அது அவள் வேலையாகிவிட்டது. அப்பா அடித்தால் எரியாது, நான் அடித்தால் என் வளையல்தான் உடையும்.

லூர்து கூட வராத நாளில் நடந்ததையும் கேள். மார்கழியில் ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் அப்பாவின் கட்சிக்காரி ரெங்கம்மாளைப் பார்க்கப் போயிருந்தோம், அந்த அம்மாளுக்குப் பக்கத்து வீட்டோடு சுவர் வழக்கு. ஏகாதசிக் கூட்டம் ஊர் கொள்ளவில்லை. திரும்பும்போது அம்மா மண்டபம் சாலையில் விளக்கு போய்விட்டது, உடனே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். அப்பா இறங்கினார். சூரியன் மறைந்து இவ்வளவு நேரம் கழிந்த பிறகுதான் விளக்குப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதன்படி இது இன்னும் பகல்தான் என்று ஆரம்பித்தார். சட்டத்தைச் சொல்லி, அதற்கு ஹைக்கோர்ட்டில் கொடுத்த விளக்கத்தைச் சொல்லி, அதற்கு மேல் தன் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லி முடித்தார். அந்தப் போலீஸ்காரர் பொறுமைசாலி. "சார், நீங்க பேச ஆரம்பிச்சப்ப பகல்தாங்க. இப்ப நட்சத்திரம் தெரியுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் பின்னாலேயே அந்த வெளிச்சத்தில் போய்விடச் சொன்னார். அது நின்ற ஸ்டாப்பில் எல்லாம் நாங்களும் நின்றோம். ஓர் இடத்தில் ஒரு பெரியவர் எங்கள் கதவைத் திறந்து ஏறப் பார்த்தார். கடைசியில் அது உறையூர் பஸ் என்பது தெரிந்தது. நாங்களும் உறையூர் போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் பாலக்கரை வந்தோம்.

இந்த நிலைமையில்தான் பங்குச் சாமியார் மூலமாக லால்குடி சம்பந்தம் வந்தது. பையன் பெயர் தைரியராஜ், லால்குடியில் மாட்டு டாக்டர். அவனுடைய அப்பா அடைக்கலம் ரயில்வேயில் கார்டாக இருந்து போன வருஷம் ரிட்டையர் ஆனவர். அம்மா அற்புதம்மாள், அதிகம் பேசாதவர். ஏற்கெனவே இரண்டு இடம் லூர்துவின் வாயால் கைநழுவிப் போனது உனக்குத் தெரியும். பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டவர்களிடம், உங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று திருப்பிக் கேட்டவள் அல்லவா இவள். ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், வக்கீல் பெண்ணுக்கு வாய் நீளம் என்று. எனக்கோ இரவில் தூக்கமில்லை. இந்த ஒரு தடவை தலையைக் குனிந்துகொண்டு உட்காரு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். என் முகத்துக்காகச் சரி என்றாள். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அப்படியே உட்கார்ந்தும் இருந்தாள், என் பெண்தானா என்று எனக்கே சந்தேகம். ஆனால் அப்பா பேச்சைக் குறைக்கவில்லை. சுவர் வழக்கை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கார்டு பாவம், கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தார், மரியாதைக்காக எழுந்திருக்கவில்லை. சாயங்கால வண்டி போய்விட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் வண்டியைத் தவறவிட்டதே கிடையாதாம், நம் வீட்டில் வந்து தவறவிட்டார்.

கார் எதற்கு இருக்கிறது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா கிளம்பிவிட்டார். நான் அடுப்படிக்குள் கூப்பிட்டு வேண்டாம் என்றேன். நேற்றுத்தான் பிச்சமுத்து புது ஒயர் போட்டிருக்கிறான் என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, எதற்கும் லூர்துவையும் ஏறச் சொல் என்றார். பெண் பார்த்த அன்றே பெண்ணும் காரில் ஏறுவதை அற்புதம்மாள் ஒரு மாதிரி பார்த்தார். சும்மா காற்றாட வரட்டும் என்று சொல்லிவைத்தேன். முன்னால் அப்பாவும் பையனும் கார்டும், பின்னால் நாங்கள் மூன்று பெண்கள். காவிரிப் பாலம் தாண்டினோம், ஸ்ரீரங்கம் தாண்டினோம், கொள்ளிடம் தாண்டினோம், விளக்கு பட்டப்பகல் மாதிரி எரிந்தது. இந்தக் காலத்துக் காரில் இப்படி வெளிச்சம் உண்டா என்று அப்பா கார்டிடம் கேட்கக்கூடச் செய்தார். டோல்கேட் தாண்டி வாளாடிப் பக்கம் போனபோது அறுப்புக் காலம் ஆனதால் வைக்கோல் வண்டி ஒன்று நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஹாரன் அடித்தார். இருட்டாகிவிட்டது.

பேட்ரி, அதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், அப்போது எனக்கு உயிரே இல்லை. அப்பா பிரேக் போட்டு நிறுத்தினார். கார்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது முன் சக்கரம் வாய்க்கால் கரை விளிம்பில் நிற்கிறது, கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அப்பா இறங்கி மட்கார்டில் தட்டினார், குத்தினார், ஒன்றும் இல்லை. லூர்து குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்க்கிறாள். நான் அற்புதம்மாளைப் பார்க்கிறேன். இவர்கள் முன்னால் இவள் இறங்கிக் காரை அறைந்தால் மூன்றாவது இடமும் போச்சு என்று மனசு அடித்துக்கொள்கிறது. அப்போது பின்னால் தூரத்தில் லாரி வருகிற சத்தம் கேட்டது. நம் காருக்குப் பின்னாலும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. கல்யாணம் போனால் போகிறது, ஆட்கள் மிஞ்ச வேண்டுமே. "போ லூர்து, போய் அடி" என்று நானே சொல்லிவிட்டேன். அற்புதம்மாள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற அப்பாவைப் போய் அடிக்கச் சொல்கிறேன் என்று நினைத்தாராம், பின்னால் அவரே சொன்னார்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, விட்டாள் ஒரு அறை. விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து லாரி ஒதுங்கிப் போனது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு வண்டி, மறுபடி ஹாரன், மறுபடி இருட்டு, மறுபடி லூர்து. மூன்றாவது தடவை தைரியராஜும் கூட இறங்கினான். மெல்ல அப்பாவிடம், ஹாரன் அடிக்கிறப்பதாங்க அணையுது, ரெண்டுக்கும் ஒரே இடத்தில் ஏதோ தளர்ந்திருக்கு, ஹாரன் அதிர்ச்சியில் விட்டுப்போகுது என்றான். மாடு எங்கே வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாதாம், எப்போது உதறுகிறது என்றுதான் பார்க்க வேண்டுமாம். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது, இத்தனை நாள் விசாரித்தும் தனக்கு வெளிவராத சங்கதி எதிர்க்கட்சி வாயிலிருந்து வருகிறதே என்று. பையன் அதோடு விடவில்லை. லூர்துவிடம் போய், "எந்த இடத்துல அடிக்கிறீங்க, காட்டுங்க" என்று கேட்டான். அவள் காட்டினாள். அவனும் அடித்துப் பார்த்தான். எரியவில்லை, கையை உதறிக்கொண்டு நின்றான். இவள் சிரித்துவிட்டாள், நான் படித்துப் படித்துச் சொன்னது அத்தனையும் போச்சு.

இனி ஹாரனைத் தொடவே கூடாது என்று முடிவானது. ஆனால் வழியெல்லாம் வைக்கோல் வண்டி, ஆடு, மாடு. அப்போது கார்டு சட்டைப் பையிலிருந்து தன் பழைய விசிலை எடுத்தார். ரிட்டையர் ஆகியும் அதை விடவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊத ஆரம்பித்தவர் லால்குடி வரை நிறுத்தவில்லை. வண்டிக்காரர்கள் ரயில்தான் ரோட்டில் வருகிறதோ என்று மாட்டை இழுத்துக்கொண்டு கரையேறி நின்றார்கள். பின்னால் நான் பயத்தில் ஜெபமாலை எடுத்தேன், பாதி மந்திரம் நான் சொல்ல மீதிப் பாதியை அற்புதம்மாள் சொன்னார், நடுநடுவே விசில். தெருவுக்குள் நுழைந்தபோது சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அந்த இருட்டில் திரும்பிப் போகவிடமாட்டோம் என்று கார்டும் அற்புதம்மாளும் சொல்லிவிட்டார்கள். ஆக, பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டிலேயே பெண்ணும் பெற்றோரும் போய்ப் பாய் விரித்துப் படுத்தோம். இப்படி ஒரு கதை நம் வம்சத்தில் கிடையாது.

விடிந்ததும் ஊர் வந்தோம். பிறகு ஒரு வாரத்துக்கு மேல் அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்பா கோர்ட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார், காரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் லூர்துவைத் திட்ட வாயெடுத்தேன், போ என்று சொன்னது நானாயிற்றே, எப்படித் திட்டுவது. ஒருநாள் சோறு போடும்போது, உனக்காவது பிடித்திருந்ததா என்று கேட்டேன். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "கேட்டாரும்மா. நான் செஞ்சதைப் பாத்து முகத்தைத் திருப்பிக்குவார்னு நினைச்சேன். எங்கே அடிக்கணும்னு கேட்டார்" என்றாள். எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை பேட்ரி. அவ்வளவு ஆசையை மனசில் வைத்துக்கொண்டு இவள் சும்மா இருக்கிறாளே, அவர்கள் வரவில்லை என்றால் என்ன செய்வாள் என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் மூவரும் வாசலில் நிற்கிறார்கள், காலை வண்டியில் வந்திருக்கிறார்கள். அற்புதம்மாள் தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தஞ்சாவூர் போய்விட்டாராம், அதுதான் தாமதம். அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, என் பெண்ணுக்குச் சீராக அந்தக் காரையே கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். தைரியராஜ் கூரையைப் பார்த்தான், கார்டு இருமினார். அதுவரை பேசாதிருந்த அற்புதம்மாள்தான் சொன்னார்: "பொண்ணைக் குடுங்க, அது போதும். காரை நீங்களே வச்சுக்குங்க."

அப்பாவுக்கு அது மனசில் தைத்துவிட்டது. எழுந்து வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். நான் வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தேன், லூர்து கதவுக்குப் பின்னால் நின்று இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவக்காலம் முடிந்து ஈஸ்டர் கழிந்த வாரத்தில் நம் கோயிலிலேயே கல்யாணம். மாப்பிள்ளையிடம் சொல்லி இப்போதே லீவு கேட்கச் சொல். நீ முன்கூட்டியே வந்தால்தான் எனக்குக் கை ஓடும். பயணத்தில் குழந்தைக்கு வெந்நீரைத் தவிர வேறெதுவும் கொடுக்காதே. மறக்காமல் ஜெபம் சொல்லு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், குழந்தைக்கு இந்தப் பாட்டியின் ஆயிரம் முத்தம்.

முக்கியமானது ஒன்று. ஜங்ஷனுக்கு நானே காரில் வந்து அழைத்துவருவேன் என்று அப்பா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகையால் பகலில் திருச்சி வந்து சேருகிற வண்டியாகப் பார்த்து டிக்கெட் எடு.

உன் பிரியமுள்ள அம்மா,
செ. செல்வமேரி ஸ்தனிஸ்லாஸ்