நிஷா சொன்ன ‘வேண்டாம்’

ஜூலை 8, 2025, செவ்வாய்

நிஷாவின் ஸ்கூலில் இன்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளையும் அம்மாக்களையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு லேடி டாக்டர் பேசினார். மாதவிலக்கு, முகப்பரு, பையன்களுக்குக் குரல் உடைவது, திடீரென்று ஒருவரைப் பிடித்துப்போவது — எல்லாவற்றையும் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுப்பதுபோல் சர்வசாதாரணமாகச் சொன்னார். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். “அம்மா, நிமிந்து உக்காருங்க, தூங்கறீங்கன்னு நினைக்கப்போறாங்க” என்று நிஷா காதைக் கடித்தாள்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது: “உங்களைப் பிடிச்சவங்க உங்களைப் பயமுறுத்த மாட்டாங்க.”

அதைக் கேட்டதும் நிஷாவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன்?

ஜூலை 9, புதன்

சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

துணி மடிக்கும்போது அவளே சொன்னாள். டியூஷனில் கூடப் படிக்கிற நவநீதன். ஆரம்பத்தில் நோட்ஸ், ஜோக், நல்ல பேச்சு. இப்போது அவள் போன் பாஸ்வேர்டு வேண்டுமாம். “என்மேல பிரியம் உண்மைன்னா கொடு. நீ யார்கூடப் பேசறேன்னு பாக்கணும்.” மாட்டேன் என்றதற்கு, அவள் அனுப்பிய மெசேஜை எல்லாம் அவள் அத்தாவுக்கு, என் வீட்டுக்காரருக்கு, அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறானாம்.

நான் என்ன செய்தேன்? போனைப் பிடுங்கினேன். “பாஸ்வேர்டு என்னடி, சொல்லு! படிக்கப்போற இடத்துல இதுதான் வேலையா?”

அவள் அழவில்லை. “நீங்களும் அதையேதான் கேக்கறீங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யா அல்லாஹ். நம்பித்தானே சொன்னா புள்ள — நான் ஏன் இப்படிக் கத்தினேன்?

ஜூலை 12, சனி

போனைத் திருப்பிக் கொடுத்தேன். “நீ சொன்னது நல்லது. நான் கத்தினதுதான் தப்பு.” என் மடியில் விழுந்து அழுதாள்.

“அவனை எனக்குப் பிடிச்சிருந்துச்சும்மா. அதுதான் கஷ்டமா இருக்கு.”

“பிடிச்சது தப்பில்லடா. மிரட்டினதுதான் தப்பு.”

அத்தாவிடம் நாமே முந்திச் சொல்லிவிடுவது என்று முடிவு.

ஜூலை 13, ஞாயிறு

நிஷாவின் அத்தா அன்வர் காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறவர். வீட்டிலும் ஏலம் விடுகிற குரலில்தான் பேசுவார். இன்று எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார். டியூஷனை நிறுத்திவிடலாமா என்று நான்தான் கேட்டேன்.

“எதுக்கு? மிரட்டினது அவன். எம்புள்ள ஏன் வீட்ல உக்காரணும்?”

பிறகு நிஷாவிடம் — இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை — “எவன் அனுப்பினாலும் அத்தா அதைப் படிக்க மாட்டேன்மா.”

ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

டியூஷன் எடுக்கும் அருள்நாதன் சார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். நவநீதனின் அம்மாவும் வந்திருந்தாங்க. பாவம், அவங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் பேச வாயெடுத்தேன், நிஷா என் கையை அழுத்தினாள்.

“உன்கூடப் பேசறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, நவநீதா. இப்ப வேண்டாம். இனிமே மெசேஜ் பண்ணாத.”

நடுவில் ஒரு தடவை திக்கினாள். ஆனாலும் சொல்லி முடித்தாள். அவன் தரையைப் பார்த்தபடியே சாரி சொன்னான். அவன் அம்மா முன்னாலேயே மெசேஜை எல்லாம் அழித்தான். காது வரை சிவந்திருந்தது. அவனும் குழந்தைதான். அவனிடம் யார் இதையெல்லாம் உட்கார்ந்து பேசினார்கள்?

ஜூலை 20, ஞாயிறு

பிரியாணி. நிஷா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அத்தாவுக்குக் கறி மிஞ்சவில்லை. அதற்கு ஒரு சண்டை. நல்ல நாள்.

ஆகஸ்ட் 9, சனி

சாயங்காலம் நிஷாவின் வகுப்புத் தோழி சுபஸ்ரீ ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். நிஷா ரூமில் இருக்கிறாள் என்றேன். போகவில்லை. அடுக்களை நிலைப்படியிலேயே துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட கேட்டா திட்ட மாட்டீங்கன்னு நிஷா சொன்னா.”

அடுப்பை அணைத்துவிட்டு, அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.