மச்சான் தூங்கிட்டானா

ஜூன் 4

என் செல்ல நாத்தனாருக்கு,

போனில் பேசினால் இருவரும் அழுது முடிப்பதற்குள் பேச வந்தது மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். பிள்ளைக்குச் சளி விட்டதா? நீ சாப்பிடுகிறாயா? பொய் எழுதாதே.

நஷ்டஈட்டு வக்கீல் வந்திருந்தார். வேன் கவிழ்ந்ததில் உன் அண்ணன், உன் வீட்டுக்காரர் இருவருமே வெளியே விழுந்து இறந்து கிடந்தார்கள் அல்லவா, ஓட்டியது யார் என்று முடிவாகவில்லையாம். ஓட்டியவர் குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது, கூட உட்கார்ந்து போனவர் குடும்பத்துக்குத்தான் பணம் என்றார். உன் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். உன்னவர் கடைசியாகப் போன் செய்து, ‘மச்சான் தூங்கிவிட்டார்’ என்று சொன்னாராமே. அப்படியானால் வண்டி உன்னவர் கையில்தான் இருந்திருக்கிறது. உன்னை நினைத்தால் இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒளிப்பானேன், கொஞ்சம் மூச்சு வந்தது. என்னவர் கையால் யாரும் சாகவில்லை.

அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

சளி விட்டது. சாப்பிடுகிறேன் என்பது பாதி பொய்.

அந்த வாக்குமூலத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. “மச்சான் தூங்கிட்டானா?” என்று கேட்டார். நம் பிள்ளையைத்தான். மாமன் மூக்கை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று பிறந்த நாளிலிருந்தே அவனை மச்சான் என்றுதானே கூப்பிடுவார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் “மச்சான்னா யாரும்மா?” என்றார். அழுதுகொண்டே “எங்க அண்ணன்” என்று சொல்லித் தொலைத்தேன். அவர் மரியாதைக்கு ஒரு ‘ஆர்’ போட்டு எழுதிவிட்டார். அண்ணனை இவர் என்றைக்காவது அவன் இவன் என்று பேசியிருக்கிறாரா? அண்ணன் தூங்கவில்லை; போன் இவர் கையில் என்றால் வண்டி அண்ணன் கையில்தான் இருந்திருக்கும்.

திருத்தச் சொன்னால், “பணத்துக்காகக் கதை கட்டுறீங்க” என்கிறார்கள். விஷயம் தெரிந்த வேறு ஆள் சொன்னால் எழுதிக்கொள்வார்களாம். உங்களைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? உங்கள் தலையில் நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன் என்று தெரிகிறது. வருவதை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம் அண்ணி.

உங்கள் நாத்தனார்

ஜூன் 13

செத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எனக்குப் பாதி தருகிறாயா? தூங்கி ஓட்டிக் கொன்றுவிட்டார் என்று நாலு பேர் பேசுவார்கள், நான் பணத்தை எண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? அவர் உனக்கும் அண்ணன்தானே. இனி எழுதாதே.

ஜூன் 20

அண்ணி,

எழுதாமல் இருக்க முடியவில்லை. போனையும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். திங்கட்கிழமை உங்களை விசாரிக்கக் கூப்பிட்டிருப்பதாக வக்கீல் சொன்னார். நின்றால் உட்காரத் தோன்றுகிறது, உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. அரிசி போடாமலே குக்கரை மூடி அடுப்பில் வைத்துவிட்டேன். நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. குறை சொல்வேன்.

நாத்தனார்

ஜூன் 26

என் நாத்தனாருக்கு,

போனேன். “குழந்தையை மச்சான்னு கூப்பிடுவாரா?” என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லத்தான் கிளம்பினேன். வாயைத் திறந்தால், உன் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “எங்கடா மச்சான்?” என்று கத்துவாரே, அது காதில் விழுகிறது. “ஆமா, அப்படித்தான் கூப்பிடுவாரு” என்றேன்.

“அப்ப ஓட்டுனது உங்க வீட்டுக்காரர்தானா?”

“பெத்த தகப்பன் கேட்டாலும் ஸ்டியரிங்கைக் குடுக்க மாட்டாரு.”

எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்குப் பாதி வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்புவேன், என் ரோஷம் உனக்குத் தெரியாததா. தையல் மிஷின் இருக்கிறது, பார்த்துக்கொள்வேன்.

உன்னிடம் கேட்பது வேறு. உன் அண்ணன் தூங்கியிருக்க மாட்டார். குறுக்கே ஏதாவது வந்திருக்கும், நாயோ ஆடோ. மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். போனது உன் புருஷன், நீ நம்ப வேண்டும். கடிதத்தில் எழுதாதே, எனக்காக எழுதினாய் என்று நினைத்துக்கொள்வேன். நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அண்ணி